கட்டடத்துக்குக் கொடை உண்டு, விளக்குக்கு?

கீரிமலை என்றதும் நம்மவர் நெஞ்சில் எழுவன கேணியும், நகுலேஸ்வரப் பெருமானும், ஆடி அமாவாசையுமே. தந்தையை இழந்தோர் தீவகத்திலிருந்தும் தென்மராட்சியிலிருந்தும் வடமராட்சியிலிருந்தும் அந்நாளில் வந்து கூடுவர்; கடலோரத்திற் பிதிர்க்கடன் ஆற்றுவர்; உப்புக் கடலுக்கு ஒரு சுவர் இப்பால் ஊறும் நன்னீரில் மூழ்கி எழுவர்; ஈரம் உலருமுன் பஸ் வண்டி ஏறி வீடு திரும்புவர். கேணிக்கும் கோயிலுக்கும் அப்பால் அங்கே ஓர் ஊர் உண்டு, அவ்வூரிற் பிள்ளைகள் உண்டு, மாலை வேளையில் அப்பிள்ளைகள் கூடிப் படிக்கவும் பெரியவர்கள் பத்திரிகை பார்க்கவும் ஓர் இடம் வேண்டும் என்னும் எண்ணம் வந்துபோவோருக்கு எழுவது அரிது. அதற்காக அவர்களை நாம் குறை கூறவில்லை. ஆனால், அவ்வூரின் பெயராற் பணம் திரட்டுவோரும், பணம் கொடுப்போரும், பணம் ஒதுக்கும் அதிகாரம் பெற்றோரும் அதனை எண்ணாதிருப்பது குற்றமே.

வலிகாமம் வடக்கு 1990ஆம் ஆண்டில் ஒரேயடியாக வெறுமையாயிற்று. கீரிமலை, மாவிட்டபுரம், காங்கேசன்துறை, மயிலிட்டி, பலாலி என அடுத்தடுத்துக் கிடந்த ஊர்களின் மக்கள் கையில் அகப்பட்டதோடு புறப்பட்டனர். மல்லாகத்திலும் சுன்னாகத்திலும் நலன்புரி நிலையம் என்ற பெயரில் எழுந்த கொட்டில்களில் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்தது. போர் 2009இல் முடிந்தது. காணி வழக்கு முடியவில்லை. 2013 ஏப்ரலில் 6,381 ஏக்கரைச் சுவீகரிப்பதற்கு அறிவித்தல் வந்தது. காணிக்குரியோர் கொட்டிலில் இருக்க, கீரிமலைக் கடற்கரையில் ஜனாதிபதிக்கென்று ஒரு மாளிகை எழுந்தது; அதனை என்ன செய்வது என்று அதன்பின் வந்த ஆட்சிகள் மாறி மாறி யோசித்தன. 2015க்குப் பின்னர் துண்டு துண்டாகக் காணிகள் விடப்பட்டன. 2016இல், காணியற்ற குடும்பங்களுக்கென 100 வீடுகள் கீரிமலைப் பகுதியிற் கட்டிக் கொடுக்கப்பட்டு, அக்குடியிருப்புக்கு ‘நல்லிணக்கபுரம்’ என்று பெயரும் சூட்டப்பட்டது.

வீடு கிடைத்தது, ஊர் கிடைத்ததா? நூறு வீடுகளை எவரும் கட்டித் தந்துவிடலாம். வெவ்வேறு முகாம்களிலிருந்து வந்த அந்நூறு வீட்டாரும் ஒருவரையொருவர் அறிந்து ஒரு பொதுக் கருமத்துக்கு ஒன்றுகூடுவதை எந்தப் படையும் எந்தத் திணைக்களமும் கட்டித் தர இயலாது. அதற்கு ஓர் இடம் வேண்டும். அந்த இடத்துக்கு யாழ்ப்பாணத்தில் நெடுங்காலமாக வழங்கும் பெயர் சனசமூக நிலையம்.

நம் கிராமங்களை அறிந்தவர்க்கு அது இன்னதென்று விளக்க வேண்டியதில்லை. சந்தியிலோ கோயில் வீதியிலோ ஒரு பரப்புக் காணி. முன்னே ஒரு விறாந்தை. நீண்ட மேசையில் அன்றைய பத்திரிகைகள். பின்னாற் கரப்பந்தாட்ட வலை. காலையில் அதே மண்டபத்தில் பாலர் வகுப்பு. ஊரில் ஒரு மரணமென்றாற் கதிரைகள் அங்கிருந்தே போகும். திருவிழாவென்றால் தண்ணீர்ப் பந்தலுக்குரிய கிடாரம் அங்கிருந்தே வரும். உள்ளூராட்சிப் பகுதியிற் பதியப்பட்டு ஒரு சிறு உதவிப்பணம் பெற்றபோதிலும், அவற்றை நடத்தியது ஊரவர் சந்தாவே. அச்சந்தாவை வாங்கப் பொருளாளர் சைக்கிளில் வீடு வீடாகப் போனார். அவர் வருவதைக் கண்டு பின்வளவில் ஒளித்தோரும் உண்டு. ஒளித்தவரே மறுநாட் காலையில் எல்லோருக்கும் முன்னதாகப் பத்திரிகையை விரித்திருப்பார் என்பது வேறு கதை.

இன்று மீளக் குடியேறிய ஊர்களில் நிலையம் அமைக்க முற்படுவோர் முதலிற் செய்வது என்ன? ஒரு கடிதத் தலைப்பு அச்சிடுகிறார்கள். அதன்பின் கொழும்பிலுள்ள தூதரகங்களுக்கு ஒரு விண்ணப்பம். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் உள்ள ஊர்ச்சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். பாராளுமன்ற உறுப்பினருக்கு ஒரு மகஜர். இவற்றுள் எதனையும் நாம் பிழை என்று சொல்லவில்லை. இழந்தவற்றிற் பெரும்பகுதி திரும்பி வராத நிலையில் கேட்பதற்கு நம் மக்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால், பல இடங்களில் நடப்பது யாது? கொடை வருமளவும் சங்கம் உறங்குகிறது. கொடை வந்ததும் விழித்தெழுந்து கட்டடம் கட்டுகிறது. திறப்பு விழா முடிந்ததும் மீண்டும் படுத்துக்கொள்கிறது. ஆறு மாதத்தில் மின்கட்டணம் நிலுவையாகி இணைப்பு அறுகிறது; பத்திரிகை நிற்கிறது; வாயிலில் ஒரு பூட்டுத் தொங்குகிறது. நன்கொடையாளர் பெயர் பொறித்த சலவைக்கல் மட்டும் வெயிலில் பளபளக்கிறது.

கொடை தருவோரின் விதிகளைச் சற்று ஊன்றி நோக்கினால் இதன் காரணம் விளங்கும். ஜப்பானிய அரசாங்கம் 1989 முதல் உலகின் பல நாடுகளில் அடிமட்டக் கொடைத்திட்டம் ஒன்றை நடத்தி வருகிறது. அரசு சாராச் சங்கங்களும் உள்ளூராட்சி மன்றங்களும் அதனைக் கேட்கலாம். ஒரு திட்டத்துக்கு ஒரு கோடி யென் என்பதே நெடுங்காலம் அதன் வழமையான மேல்வரம்பு. பாடசாலைக் கட்டடம், மருந்தகம், கிணறு, மண்டபம் யாவும் அதில் அடங்கும். சம்பளமும் நடத்துசெலவும் அடங்கா. அவுஸ்திரேலிய உயர்ஸ்தானிகராலயத்தின் நேரடி உதவித் திட்டம் அதனினும் சிறிய தொகைகளைக் குறுகிய காலத்தில் முடியக்கூடிய வேலைகளுக்குத் தருவது. இந்தியாவின் சமூக அபிவிருத்திக் கொடைகள் பெரும்பாலும் இங்குள்ள அரசாங்கத்தின் வழியாக வருவன. ஒவ்வொருவரும் கேட்கும் பத்திரங்கள் ஏறத்தாழ ஒன்றே: பதிவுச் சான்றிதழ், சங்கத்தின் யாப்பு, கணக்காய்வு செய்த அறிக்கைகள், காணி உறுதி, பொறியியலாளரின் மதிப்பீடு, கூறுவிலைகள், ஊரவர் தம் பங்காகத் தருவது யாது என்னும் விவரம். கடைசியில் ஒரு வினா வரும். திட்டம் முடிந்தபின் இதனைப் பராமரிப்பது யார்? நம்மவர் அதற்கு எதிரே ‘சங்கம்’ என்று ஒற்றைச் சொல்லை எழுதிவிடுகிறார்கள். அச்சங்கத்துக்கு மாதம் எவ்வளவு வருமானம் என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள்.

ஆகவே நாம் சொல்ல வந்தது இது. வெளிக்கொடை கல்லுக்கும் சீமெந்துக்கும் வரும். விளக்குக்கும் பத்திரிகைக்கும் நூலகரின் கைச்செலவுக்கும் வராது. அவை ஊரின் சொந்தப் பணத்தினாலேயே நடக்க வேண்டும். அந்தச் சொந்தப் பணம் முதலிற் சேர்ந்த ஊருக்கே கொடையும் எளிதில் வரும். வரிசை மாறினால் இரண்டும் கெடும்.

அமெரிக்காவில் இரும்பு உருக்குத் தொழிலாற் பெருஞ்செல்வம் ஈட்டிய அன்றூ கார்னகி என்பார் 1883 முதல் 1929 வரையான காலத்தில், தம் வாழ்நாளிலும் மறைவின் பின்னும், 2,509 நூலகங்களுக்குப் பணம் கொடுத்தார். அச்செல்வம் எவ்வாறு சேர்ந்தது, 1892இல் ஹோம்ஸ்டெட் ஆலைத் தொழிலாளருக்கு என்ன நேர்ந்தது என்பன வேறு வழக்கு. அதனை நாம் மறக்கவில்லை. ஆயினும் அவர் வைத்த நிபந்தனை கவனித்தற்குரியது. நிலத்தை ஊர் தர வேண்டும். கட்டடத்துக்கு அவர் கொடுக்கும் தொகையிற் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் ஊர் தன் வரிப்பணத்திலிருந்து பராமரிப்புக்கு ஒதுக்க வேண்டும். இதற்கு உடன்படாத ஊர்கள் அவரிடம் பணம் பெறவில்லை.

இந்தக் கணக்கைக் கீரிமலைக்குப் பொருத்திப் பார்ப்போம். நூறு குடும்பங்கள் மாதம் நூறு ரூபா வீதம் சந்தா கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ஓர் இலட்சத்து இருபதினாயிரம் ரூபா. பத்தில் ஒன்று என்னும் விதிப்படி அச்சந்தா தாங்கக்கூடிய கட்டடம் பன்னிரண்டு இலட்சம் ரூபாவுக்குரியது. நம்மவர் ஐம்பது இலட்சத்துக்கு மாடிக் கட்டடம் வரைந்துகொண்டு தூதரகத்துக்குப் போகிறார்கள். அதனை நடத்த ஆண்டுக்கு ஐந்து இலட்சம் வேண்டும் என்பதை வரைந்தவரும் சொல்வதில்லை, கேட்பவரும் கேட்பதில்லை. ஒரு மண்டபம், ஒரு விறாந்தை, ஒரு கிணறு, ஒரு கழிப்பிடம், சுற்றுமதில்: இவ்வளவோடு தொடங்குவதில் என்ன இழிவு? சந்தா வளர்ந்தாற் கட்டடமும் வளரட்டும்.

பெருங்கட்டடத்தின் பாடு அறிய வெகுதூரம் போக வேண்டியதில்லை. யாழ்ப்பாண நகரில், பொது நூலகத்தை அடுத்து, இந்தியாவின் கொடையாற் பல மாடிகளோடு கலாசார நிலையம் எழுந்தது. 2015 மார்ச்சில் இந்தியப் பிரதமர் அடிக்கல் நாட்டினார். 2023 பெப்ரவரியில் அது மக்களிடம் கையளிக்கப்பட்டது. 2025இல் அதற்குத் திருவள்ளுவர் பெயர் சூட்டப்பட்டு, யாழ்ப்பாணத்தின் பெயர் விடுபட்டதென்று ஒரு சர்ச்சையும் எழுந்தது. அழகிய கட்டடம், நாம் நன்றியோடு ஏற்கத்தக்க கொடை. ஆனால் கட்டி முடிந்தபின்னும் பேச்செல்லாம் எதனைப் பற்றி? குளிரூட்டிக்கும் மின்னுயர்த்திக்கும் காவலுக்கும் வேண்டிய பணத்தை மாநகர சபை எங்ஙனம் தாங்கும் என்பதைப் பற்றி. ஒரு மாநகர சபையே திணறும் இடத்தில் ஒரு கிராமச் சங்கம் என்ன செய்யும்?

அதற்கு மறுபக்கமாக, அக்கட்டடத்தின் அயலில் நிற்கும் பொது நூலகத்தின் கதையையும் சொல்ல வேண்டும். 1933இல் க. மு. செல்லப்பா என்பவர் தம் வீட்டில் ஓர் இலவச வாசிகசாலையைத் தொடங்கினார். மறு ஆண்டிலேயே ஊர்ப் பெரியோர் கூடிக் குழு அமைத்து, ஆசுபத்திரி வீதியில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, 844 நூல்களோடு அதனைப் பொது நிறுவனமாக்கினர். ஐம்பதுகளில் மேயர் சாம் சபாபதி காலத்திற் களியாட்ட விழா வைத்தும் அதிர்ஷ்டலாபச் சீட்டு விற்றும் பணம் சேர்த்தார்கள். இந்திய நூலக இயலின் தந்தை எனப்படும் அரங்கநாதன் ஆலோசனை தந்தார், சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைபடம் தந்தார், வெளிநாட்டவரும் கைகொடுத்தனர். 1959 ஒக்டோபர் 11இல் மேயர் அல்பிரட் துரையப்பா அதனைத் திறந்து வைத்தார். கவனியுங்கள்: முதலில் ஒருவர் வீட்டுத் திண்ணை, பின்னர் சந்தா, பின்னர் சீட்டுப் பணம், அதன்பின்னரே பெருங்கொடை. இருபத்தாறு ஆண்டுகள் சென்றன. 1981இல் 97,000 நூல்களோடு அது எரியூட்டப்பட்டபோது உலகெங்கும் தமிழன் அழுதான். பின்னர் அது மீண்டும் கட்டப்பட்டபோது, சாம்பலை மூடி வெள்ளையடிக்கும் வேலையா இது என்று அவனே வாதாடியும் நின்றான். தன் காசு போட்ட பொருளுக்காகத்தான் மனிதன் அவ்வாறு அழுவதும் வாதாடுவதும். 2025 வரவு செலவுத் திட்டத்தில் அந்நூலகத்துக்குப் பத்துக் கோடி ரூபா ஒதுக்கப்பட்டது. ஒதுக்கியவர்களுக்கு அந்த எரிந்த வரலாறே அதனை நினைவூட்டியிருக்கும்.

கீரிமலைக்கே உரிய சான்றும் உண்டு. போர்த்துக்கேயர் இடித்த நகுலேஸ்வரம் இருநூற்றைம்பது ஆண்டுக்கு மேல் இடிந்தே கிடந்தது. அதனை மீளக் கட்டுமாறு ஆறுமுக நாவலர் வேண்டுகோள் விடுத்தார். நாவலர் மறைந்தது 1879இல். கோயில் எழுந்தது 1894இல். வேண்டுகோள் விடுத்தவர் போனபின்பும் ஊரவர் கை ஓயவில்லை. 1990இல் அது மீண்டும் குண்டுவீச்சுக்கு இலக்காயிற்று. 2012இல் மீண்டும் குடமுழுக்குக் கண்டது. தெய்வத்துக்குக் கொடுத்துப் பழகிய கை நம்முடையது. வீட்டுக்கு வீடு உலைப்பானையிலிருந்து ஒரு பிடி அரிசியை எடுத்து வேறாக வைத்துப் பொதுக் கருமத்துக்குக் கொடுத்த வழக்கமும் நம்முடையது. கோயில் வீதியிற் கொடுப்பவரே நிலைய வாயிலிற் கையை இறுக்குவது ஏன்?

ஏன் என்றால், கணக்கு. இதனை மூடி மறைத்துப் பயனில்லை. சங்கப் பணம் என்றால் யாரோ ஒருவர் பையில் இருக்கும் பணம் என்ற ஐயம் நம்மூரில் ஆழ வேரூன்றிவிட்டது. ஒரு பொருளாளர் பிழை விட்டால் பத்து நேர்மையாளர் அதற்காகத் தலைகுனிய நேரிடுகிறது. இதற்கு மருந்து கடினமானதன்று. தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரில் இருவர் ஒப்பமின்றி வங்கியிலிருந்து ஒரு சதமும் எடுக்கலாகாது. பத்து ரூபாவாயினும் பற்றுச்சீட்டு. மாத முடிவில் வரவும் செலவும் நிலையத்தின் சுவரில், எவரும் வாசிக்கக்கூடிய பெரிய எழுத்தில். ஆண்டுக்கொரு முறை வெளியூர்க் கணக்காளர் ஒருவரின் பார்வை. தூதரகம் கேட்கும் கணக்காய்வு அறிக்கை வேறென்ன? இதுதான். ஊரவர்க்காக எழுதிய கணக்கே தூதரகத்துக்கும் போதும். தூதரகத்துக்காக எழுதிய கணக்கு ஊரவர்க்குப் போதாது.

அடுத்தது காணி. இதில் வலிகாமம் வடக்கின் துன்பம் தனித்துன்பம். ஒரு காலத்தில் ஊரில் மதிப்புள்ள ஒருவர், ‘அந்தப் பரப்பை நிலையத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று வாயாற் சொன்னார், ஊரும் எடுத்துக்கொண்டது. உறுதி எழுதுவது அன்று அவரை அவமதிப்பது போலிருந்தது. இன்று அவர் இல்லை, அவர் மக்கள் மூன்று நாடுகளில், எல்லைக்கல் இடம்பெயர்ந்தது, வேலியை யார் அறிவார்? உறுதியற்ற காணியிற் கட்டுவதற்கு எந்தக் கொடையாளரும் பணம் தரார். தருவாராயின் அவரை நாம் ஐயுற வேண்டும். ஆகையால், நிலையம் கட்ட முனையும் ஊர்கள் வரைபடத்துக்கு முன் நொத்தாரிசிடம் போகட்டும். உரித்தாளர் எங்கிருந்தாலும் தேடிப் பிடித்து, தருமசாதன உறுதி முடித்து, காணிப் பதிவகத்தில் பதிந்துகொள்ளட்டும். இடப்பெயர்வில் உறுதி தொலைந்தோர்க்குப் பதிவகப் பிரதி எடுத்துக் கொடுப்பதைச் சட்டத்தரணிகள் ஒரு பொதுத் தொண்டாக ஏற்கலாம். நம்மவரிற் சட்டத்தரணிகளுக்குப் பஞ்சமில்லை. தேர்தற் காலத்தில் அது நன்கு தெரிகிறது.

புலம்பெயர்ந்த நம் உறவுகளுக்கு ஒரு சொல். உங்கள் கொடையை இவ்வூர்கள் மறவா. குளிர் நாட்டில் இரவுப் பணி பார்த்து மிச்சம் பிடித்த பணம் அது என்பதை நாம் அறிவோம். பெற்றோர் பெயரில் ஒரு மண்டபம் எழுப்ப விரும்புவது இயல்பே. எனினும், பத்து இலட்சம் அனுப்ப எண்ணுவோர் அதில் ஆறு இலட்சத்தைக் கட்டடத்துக்கும் நான்கு இலட்சத்தை வங்கியில் நிலையான வைப்புக்கும் என்று பிரித்து அனுப்பினால் என்ன? முதல் தொடப்படாது, வட்டியில் விளக்கெரியும், பத்திரிகை வரும். அந்த வைப்பின் பெயரும் உங்கள் பெற்றோர் பெயராகவே இருக்கட்டும். சலவைக்கல்லில் எழுதும் பெயரை வெயில் மங்கச் செய்யும். நாள்தோறும் பத்திரிகைக் காசைக் கொடுக்கும் பெயரைப் படிக்கும் பிள்ளை அறியும். கோயிலை முன்வைத்து அறப்பணி செய்த தெல்லிப்பழைத் துர்க்கை அம்மன் ஆலயத்தின் வழி இங்கிருந்து சில மைல் தொலைவில்தான் இருக்கிறது. சிவத்தமிழ்ச் செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி அம்மையார் 2008இல் மறையும்வரை, ஆலயத்துக்கு வந்த பணத்தின் ஒரு பகுதியைத் தாய் தந்தையற்ற பெண் பிள்ளைகளின் உணவாகவும் படிப்பாகவும் மாற்றிக் காட்டினார். வருவாய்க்கு ஒரு நிலையான ஊற்று இருந்தமையால் அவ்வில்லம் போர்க்காலத்தையும் தாண்டி நின்றது.

வெளிநாட்டுப் பணத்தை மட்டும் நம்புவதன் ஆபத்தை அண்மையில் உலகமே கண்டது. 2025 ஜனவரியில் அமெரிக்காவின் புதிய ஜனாதிபதி இட்ட ஓர் ஒப்பத்தோடு அந்நாட்டு வெளிநாட்டு உதவி இடைநிறுத்தப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் அவ்வுதவியை நடத்திய நிறுவனமே மூடப்பட்டது. இலங்கையிலும் பல தொண்டு நிறுவனங்கள் இடைவழியில் வேலையை நிறுத்தின. வாஷிங்டனில் ஓர் ஆட்சி மாறினால் வடகோடியில் ஒரு பாலர் வகுப்பின் ஆசிரியைக்குச் சம்பளம் நிற்க வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்? ஆனால் அதுவே கொடையின் இயல்பு. பாராளுமன்ற உறுப்பினரின் பன்முகப்படுத்தப்பட்ட நிதியும் இதே இனந்தான். கதிரை வரும், ஒலிபெருக்கி வரும். தேர்தலுக்கு அண்மையில் வரும். உறுப்பினர் தோற்றால் அடுத்த ஆண்டு வராது.

நிற்க. ஊரவர் கடமையை இவ்வளவு வற்புறுத்துவதால், ஆள்வோரின் கடமையை நாம் மன்னித்துவிட்டோம் என்று எவரும் மகிழ வேண்டாம். 1950 முதல் 1990 வரை காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை இப்பகுதியின் சுண்ணாம்புக் கல்லை அகழ்ந்து நாடெங்கும் கட்டடமாக்கியது. கல் போன இடத்திற் பள்ளம் இருக்கிறது. நாட்டுக்கெல்லாம் சீமெந்து கொடுத்த மண்ணில் ஒரு வாசிகசாலைக்குச் சீமெந்து தேடிப் பிச்சைப் பாத்திரம் ஏந்துவதா? பொதுச் சொத்துகள் அழிந்தமைக்கு அரசு தருவது கொடையாகாது, அது கடன். 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தால் இழப்பீட்டுக்கான அலுவலகம் அமைக்கப்பட்டது. தனியாட்களுக்கு மட்டுமன்றி, பாதிக்கப்பட்ட சமூகங்களுக்குக் கூட்டு இழப்பீடு வழங்கவும் அச்சட்டம் இடமளிக்கிறது. இழந்த சனசமூக நிலையங்களின் பட்டியலைக் கிராமம் கிராமமாகத் தயாரித்து அவ்வலுவலகத்தின் முன் வைத்த தமிழ் உறுப்பினர் யார்? ஒருவர் இருந்தால் அவர் பெயரை இப்பத்திரிகையில் முதற்பக்கத்தில் வெளியிட ஆயத்தமாக இருக்கிறோம்.

உள்ளூராட்சி மன்றங்களின் பங்கோ இன்னும் நேரானது. 2023இல் நடைபெற வேண்டிய தேர்தல் பணமில்லை என்ற காரணத்தால் ஒத்திவைக்கப்பட்டு, 2025 மே 6ஆம் திகதியே நடைபெற்றது. இடைப்பட்ட இரண்டாண்டுக்கு மேற்பட்ட காலத்தில் மக்கள் பிரதிநிதிகள் இல்லை. செயலாளர்களே சபைகளை நடத்தினர். வட மாகாண சபையோ 2018 ஒக்டோபரில் பதவிக்காலம் முடிந்து போயிற்று. அக்காலத்துக்கு நாம் சபைகளைக் கேட்கவில்லை. இப்பொழுது உறுப்பினர்கள் இருக்கிறார்கள், ஆகவே கேட்கிறோம்.

தமிழ்நாட்டின் வழியைப் பாருங்கள். 1948இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் இயற்றியது. விடுதலை பெற்ற இந்தியாவில் அத்தகைய சட்டங்களில் அது முதலாவது. வீட்டு வரியோடு சேர்த்து நூலகத்துக்கென ஒரு சிறு வரி வாங்கப்பட்டது. அப்பணம் பிறிதொன்றுக்குப் போகாது நூலகத்துக்கே போகும் என்று சட்டத்திலேயே எழுதினார்கள். கேரளத்தில் 1945இல் பணிக்கர் என்னும் ஆசிரியர் 47 ஊர் வாசிகசாலைகளை ஒரு சங்கமாகச் சேர்த்துத் தொடங்கிய இயக்கம் பின்னர் மாநிலமெங்கும் பரந்து, அங்கும் வரிப்பணத்திற் பங்கு பெற்றது. ஊர்ச் சந்தாவும் அரசின் வரிப்பங்கும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. நம் சபைகள் சோலைவரி அறவிடுகின்றன. கடைக்கும் சந்தைக்கும் குத்தகை வாங்குகின்றன. அதில் ஒரு குறித்த விகிதத்தை ஆண்டுதோறும் சனசமூக நிலையங்களுக்கென ஒதுக்கி, ஊரவர் திரட்டிக் கணக்குக் காட்டும் ஒவ்வொரு ரூபாவுக்கும் சபை ஒரு ரூபா கொடுக்கும் என்று ஏன் தீர்மானிக்கலாகாது? சந்தா திரட்டாத நிலையத்துக்கு அதிற் பங்கில்லை என்று சொல்லிவிட்டால், பின்வளவில் ஒளிப்போர் தொகையும் குறையும். ஆடி அமாவாசை நாளிற் கீரிமலையில் வாகனத் தரிப்புக்கும் கடைகளுக்கும் சபை அறவிடும் பணம் எவ்வளவாயினும், அதில் ஒரு பங்கு அவ்வூர் நிலையத்துக்கே உரித்து என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். ஊரின் பெயரால் வரும் பணம் ஊரின் பிள்ளைக்கு ஒரு விளக்காகவேனும் எரியட்டும்.

‘சபையிற் பணமில்லை’ என்ற பழைய விடை வருமென்பது நமக்குத் தெரியும். ஒரு ரூபாவுக்கு ஒரு ரூபா என்றால் ஊர் கொடுக்கும் அளவுக்கே சபையும் கொடுக்கும். முதலாண்டில் அது பெருந்தொகையாகப் போவதில்லை. வீதி விளக்கு ஒன்றைப் பழுது பார்க்க ஆகும் செலவோடு இதனை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு உறுப்பினர்கள் பேசட்டும். வேறோர் ஐயமும் எழலாம்: ஒவ்வொரு கட்சிக்கும் ஒவ்வொரு நிலையம் என்று ஊர் பிளவுபட்டு நிற்க, யாருக்குக் கொடுப்பது? ஒரு குறிச்சிக்கு ஒரு நிலையமே பதியப்படும்; யாப்பின்படி தெரிவு நடவாத இடத்தில் உதவி நிறுத்தப்படும் என்றாற் பிளவும் தீரும். நம்முடைய கட்சிக்காரர்க்கும் சேர்த்தே இதைச் சொல்கிறோம்.

வலிகாமம் வடக்கு பிரதேச சபை தன் அடுத்த வரவு செலவுத் திட்டத்தை வாசிக்கும் நாளிற் ‘சனசமூக நிலையங்களுக்கு ரூபாவுக்கு ரூபா’ என்னும் அந்த ஒரு வரியை நாம் தேடுவோம். அது காணப்படாவிடின், அன்று எந்த உறுப்பினர் எழுந்து கேட்டார், எவர் வாய் திறவாதிருந்தார் என்பதைப் பெயர் பெயராக அடுத்த இதழில் எழுதுவோம்.